தர்மண்ட்: என்ஜின்கள் நின்றதால் பிறந்த ஊர்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், அப்பலாச்சிய மலைகளை ஆழமாக அறுத்துக்கொண்டு ஓடும் நியூ ரிவர் ஆற்றின் கரையில் தர்மண்ட் என்ற ஊர் இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் அங்கு வாழ்ந்தவர்கள் 5 பேர். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்பு, செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வேக்கு அதிக வருமானம் தந்த நிலையம் இதுதான். 1910இல் இங்கிருந்து கிடைத்த சரக்கு வருமானம், சின்சினாட்டி, ரிச்மண்ட் ஆகிய இரு மாநகரங்களும் சேர்ந்து தந்ததைவிட அதிகம் என்று சொல்லப்படுகிறது. நாளொன்றுக்கு 15 பயணிகள் ரயில்கள் வந்துபோயின. ஆண்டுக்கு 95,000 பயணிகள் வரை அந்தச் சிறிய நிலையத்தில் ஏறி இறங்கினார்கள்.

இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "செல்வத்தில் மிதந்த ஊர் பாழான கதை" என்று எழுதுவதுதான் வழக்கம். தீ விபத்துகள், சூதாட்டம், மது, பொருளாதாரப் பெருமந்தம் என்று காரணங்களும் வரிசையாக வரும். அவை எல்லாமே நடந்தவைதான். ஆனால் தர்மண்ட் செல்வத்தில் மிதந்தது என்பதை நான் ஏற்கவில்லை. அந்த ஊரில் பணம் பதிவானது, தங்கவில்லை. பூமிக்கடியில் இருந்த கரி, அதை வெட்டிய சுரங்கம், அதைச் சுமந்த ரயில், விற்ற சந்தை என எதுவுமே ஊரின் கையில் இல்லை. நீராவி என்ஜின் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை நின்றாக வேண்டும் என்ற ஒரே கட்டாயத்தின் மேல்தான் அந்த ஊர் எழுந்து நின்றது. ஆகவே இந்த வரலாற்றை அங்கிருந்த மனிதர்கள் வழியாக மட்டும் படித்தால் பாதிதான் புரியும். ஆற்றிலிருந்தும் என்ஜினிலிருந்தும் தொடங்க வேண்டியிருக்கிறது.

நியூ ரிவர் மிகப் பழமையான ஆறு. மலைகள் உயர உயர, ஆறு அவற்றைக் கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே வந்ததால் ஆயிரம் அடிக்கும் மேலான ஆழத்தில் ஒரு பள்ளத்தாக்கு உருவானது. அப்படி அறுபட்டதில் மலையின் வயிற்றுக்குள் கிடந்த நிலக்கரி அடுக்குகள் பக்கச்சுவர்களில் வெளியே தெரிந்தன. அவற்றில் முக்கியமானது ஸ்யூவல் அடுக்கு எனப்படுவது. ஆழமான குழி தோண்டி இறங்க வேண்டிய அவசியம் இல்லை. மலைச் சரிவின் நடுவிலிருந்து பக்கவாட்டில் குடைந்து உள்ளே போனால் போதும். கரியும் தரமானது. எரியும்போது புகை குறைவு, சூடு அதிகம். புகையில்லாக் கரி என்ற பெயரில் நீராவிக் கப்பல்கள் அதைத் தேடி வாங்கின. எஃகு உலைகளுக்கு வேண்டிய கோக் (கரியைச் சுட்டு எடுக்கும் எரிபொருள்) தயாரிக்கவும் அது ஏற்றதாக இருந்தது. இவ்வளவு நல்ல கரி கண்ணுக்கு எதிரே தெரிந்தும் நெடுங்காலம் அது யாருக்கும் பயன்படவில்லை. அதை வெளியே கொண்டுபோக வழியில்லை. பாறைகளும் நீர்ச்சுழல்களும் நிறைந்த அந்த ஆற்றில் சரக்குப் படகு செல்லாது. சரிவுகளில் வண்டிப்பாதை போடுவதும் பெரும்பாடு.

ரயில் பாதை வந்தது கரிக்காக அல்ல என்பது இதில் கவனிக்க வேண்டிய ஒன்று. கிழக்கே வர்ஜீனியாவின் துறைமுகப் பகுதியை மேற்கே ஒஹாயோ ஆற்றோடு இணைப்பதே நோக்கம். முதல் கண்டங்கடந்த ரயில் பாதையின் மேற்குப் பாதியைக் கட்டிய நிறுவனத்தின் நால்வரில் ஒருவரான காலிஸ் ஹண்டிங்டன், செசபீக் அண்ட் ஒஹாயோ ரயில்வேயையும் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தார். மலையைக் கடப்பதற்குக் குறைந்த ஏற்றமுள்ள வழி ஆற்றங்கரைதான். அதனால் பாதை ஆற்றை ஒட்டியே வளைந்து வந்தது. சுரங்கப்பாதைகளைக் குடைந்தவர்களிலும் பாறைகளை வெடிவைத்துத் தகர்த்தவர்களிலும் பெரும்பாலோர், உள்நாட்டுப் போருக்குப் பின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத் தொழிலாளர்கள். வர்ஜீனியச் சிறையிலிருந்து கூலிக்கு அனுப்பப்பட்ட கைதிகளும் அவர்களோடு வேலை செய்தார்கள். எத்தனை பேர் அந்த மலைகளில் உயிரைவிட்டார்கள் என்பதற்கு ஒழுங்கான கணக்கு வைக்கக்கூட யாரும் அக்கறை கொள்ளவில்லை. 1873 ஜனவரி 29 அன்று ஹாக்ஸ் நெஸ்ட் என்ற இடத்தில் இருபுறப் பாதைகளும் சந்தித்தன.

அதே ஆண்டு வில்லியம் டாப்னி தர்மண்ட் என்பவர், நில அளவை செய்து கொடுத்ததற்குக் கூலியாக ஆற்றின் ஓரம் 73 ஏக்கர் நிலம் பெற்றார். உள்நாட்டுப் போரில் தென்தரப்புக்காகச் சண்டையிட்ட முன்னாள் கேப்டன். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். மதுவை அறவே ஒதுக்கியவர். அந்த நிலம் பெரும்பாலும் செங்குத்துச் சரிவு. விளைச்சலுக்கும் உதவாது, வீடு கட்டவும் உதவாது. ரயில் பாதை மட்டும் அதன் ஓரமாக ஓடியது. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்கு அங்கே சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை.

திருப்பம் வந்தது எதிர்க்கரையிலிருந்து. டன்லூப் என்ற ஓடை மலைக்குள்ளிருந்து இறங்கி, தர்மண்டுக்கு நேர் எதிரே ஆற்றில் கலக்கிறது. அந்த ஓடையின் இருமருங்கிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் கரி நிலம், ஒஹாயோவைச் சேர்ந்த தாமஸ் மெக்கெலின் குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது. அவருடைய மனைவி ஜீனின் பிறந்த வீட்டு வழியில் வந்த சொத்து அது. மெக்கெல் ரயில்வேயோடு பேசி, ஓடையை ஒட்டி ஒரு கிளைப்பாதை போட அவர்களை இணங்க வைத்தார். கிளைப்பாதை முதன்மைப் பாதையோடு சேர வேண்டுமானால் ஆற்றைக் கடக்க வேண்டும். 1880களின் இறுதியில் பாலம் எழுந்தது. அதன் மறுமுனை கேப்டனின் நிலத்தில் வந்து முட்டியது. தர்மண்ட் ஒரு ஜங்ஷன் ஆனது அப்படித்தான். மேலே ஓடைக்கரையில் புதிது புதிதாகச் சுரங்கங்கள் திறந்தன. மெக்கெல் தன் மனைவியின் பெயரால் கிளென் ஜீன் என்ற ஊரை அங்கே அமைத்தார். 1900இல் தர்மண்ட் சட்டப்படி ஒரு நகராட்சியாகப் பதிவானது.

இனி அந்த ஜங்ஷனில் அன்றாடம் நடந்த வேலையைப் பார்க்கலாம். இதைத்தான் பல வரலாறுகள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கோ ஊரின் உயிரே இதில்தான் இருப்பதாகத் தோன்றுகிறது.

சுரங்கங்கள் ஒரே இடத்தில் இல்லை. ஆற்றோரமாகவும் ஓடைகளின் மேலேயும் சிதறிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு நாளில் சில வேகன்கள் அளவுக்குக் கரி வெட்டும். அந்தச் சில வேகன்களுக்காக நீண்டதூர ரயில் ஒவ்வொரு சுரங்க வாசலிலும் நிற்க முடியாது. அதனால் தர்மண்டிலிருந்து சிறிய என்ஜின்கள் வெறும் வேகன்களோடு காலையில் புறப்படும். கிளைப்பாதையின் கடும் ஏற்றத்தில் மூச்சிரைக்க ஏறி, ஒவ்வொரு சுரங்கத்திலும் வெறும் வேகன்களைக் கழற்றி விட்டு, கரி நிறைந்தவற்றைக் கோத்துக்கொண்டு திரும்பும். இறக்கத்தில் கரி வேகன்களின் பாரம் என்ஜினைத் தள்ளும்; பிரேக் போடும் ஆட்கள் வேகனுக்கு வேகன் கவனித்தபடி வர வேண்டும். தர்மண்ட் யார்டில் அந்த வேகன்களைத் திசைவாரியாகப் பிரித்து, கிழக்கே கடற்கரைத் துறைமுகமான நியூபோர்ட் நியூஸுக்குப் போவனவற்றைத் தனியாகவும் மேற்கே ஒஹாயோ ஆற்றுப் பக்கம் போவனவற்றைத் தனியாகவும் சேர்த்து, நீண்ட சரக்கு ரயில்களாகக் கோத்து அனுப்புவார்கள். ஷன்டிங் சத்தம் இரவு பகல் ஓயாது.

நீராவி என்ஜினைக் கவனித்துக்கொள்வது இன்னொரு பெரிய வேலை. அது ஓட ஓட நீரைக் குடிக்கும், கரியைத் தின்னும், சாம்பலைச் சேர்க்கும். நீர் தீர்ந்துபோனால் கொதிகலன் வெடிக்கும் அபாயம் உண்டு. சாம்பலை வாரி வெளியே தள்ளாவிட்டால் நெருப்புக்குக் காற்று கிடைக்காமல் வேகம் குறைந்துவிடும். அச்சுகளுக்கு எண்ணெய் விட வேண்டும். கொதிகலனுக்குள் படியும் உப்பைக் கழுவ வேண்டும். சக்கரம் வழுக்காமல் இருக்கத் தூவும் மணலைப் பெட்டியில் நிரப்ப வேண்டும். வேலை இல்லாத நேரத்திலும் நெருப்பு முழுதாக அணைந்துவிடாமல் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் குளிர்ந்துபோன கொதிகலனை மறுபடி சூடேற்றி நீராவி எழுப்பப் பல மணி நேரம் ஆகும். இவற்றுக்காகத் தர்மண்டில் என்ஜின்களைப் பராமரிக்கும் லோகோ ஷெட், தண்ணீர்த் தொட்டி, சாம்பல் குழி, மணல் கொட்டகை எல்லாம் இருந்தன. 1922இல் 500 டன் கரி கொள்ளும் கான்கிரீட் கோபுரம் ஒன்றையும் தண்டவாளத்தின் பக்கத்திலேயே எழுப்பினார்கள். என்ஜின் அதன் கீழே வந்து நின்றால் மேலிருந்து கரி கொட்டும். ரயில்வேயின் நேரடிக் கூலியில் இருந்தவர்கள் மட்டும் சுமார் 150 பேர்: ஓட்டுநர், ஃபயர்மேன், கார்டு, தந்தி எழுத்தர், பாதை பராமரிப்போர், ஷெட் ஆட்கள். வேறு ஊர்களிலிருந்து ரயில் ஓட்டி வந்து, திரும்பும் முறை வரும்வரை காத்திருக்கும் ஆட்களுக்கு உணவு விடுதிகளும் தங்கும் விடுதிகளும் தேவைப்பட்டன. அவற்றில் இடம் கிடைப்பதே அரிதாக இருந்தது.

இவ்வளவும் மலைக்கும் ஆற்றுக்கும் இடையே கிடந்த ஒரு மெல்லிய நிலக்கீற்றில் நடந்தன. சமதளம் எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். கடைத்தெரு என்று தனியாக ஒன்றுக்கு இடமில்லை. வங்கியும் மருந்துக்கடையும் துணிக்கடையும் தண்டவாளத்தை நோக்கிக் கதவு வைத்து, மலைச்சுவரில் முதுகு சாய்த்து நின்றன. கடையிலிருந்து வெளியே கால் வைத்தால் ஒரு குறுகிய நடைமேடை, அதை அடுத்து உடனே ரயில். வீடுகள் மேலே சரிவில் ஒட்டிக்கொண்டிருந்தன. 1921 வரை வெளியூரிலிருந்து அங்கு வர ரயிலைத் தவிர வேறு போக்குவரத்து கிடையாது.

பணக் கணக்கைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் இது. சரக்கு ரயிலுக்கு ஏதோ ஒரு நிலையத்தில் சீட்டு எழுத வேண்டும். சுற்றியிருந்த சுரங்கங்களின் கரி எல்லாம் தர்மண்டில் சேர்ந்ததால் சீட்டும் அங்கேயே எழுதப்பட்டது. அப்படித்தான் அந்தப் பெரிய தொகை தர்மண்டின் பெயரில் ஏறியது. அதன் பின்னால் இருந்த உழைப்பு பள்ளத்தாக்கு முழுவதிலும் பரவிக் கிடந்தது. லாபம் ரிச்மண்டிலும் நியூயார்க்கிலும் இருந்த பங்குதாரர்களுக்குப் போனது. தர்மண்டுக்குக் கிடைத்தது சம்பள நாளில் கைமாறிய காசு மட்டும். வங்கிகள் செழித்தன என்பது உண்மை. ஆனால் அவை சுரங்க உரிமையாளர்களின் பணத்தை வைத்திருந்த வங்கிகள். கரித் தொழிலாளியின் பணம் வங்கிவரை வருவதே அபூர்வம். பல முகாம்களில் கூலியின் ஒரு பகுதி நாணயமாக இல்லாமல் கம்பெனி வில்லைகளாகக் கொடுக்கப்பட்டது. அந்த வில்லை கம்பெனிக் கடையில் மட்டுமே செல்லும். வீடு கம்பெனியுடையது; வாடகை கூலியிலிருந்து பிடிக்கப்படும். தென் மாநிலங்களிலிருந்து வந்த கறுப்பினக் குடும்பங்களும், இத்தாலியிலிருந்தும் ஹங்கேரியிலிருந்தும் வந்தவர்களும், அந்த மலைகளிலேயே பிறந்தவர்களும் இப்படி ஒரே கடனில் கட்டுண்டு கிடந்தார்கள்.

கடனைவிடக் கொடியது மரணம். 1900 மார்ச் 6 அன்று ஆற்றோரமே இருந்த ரெட் ஆஷ் சுரங்கத்தில் வெடிப்பு ஏற்பட்டு 46 பேர் இறந்தார்கள். ஐந்தே ஆண்டுகளில், 1905 மார்ச்சில், அதே சுரங்கத்திலும் அதனோடு இணைந்த ரஷ் ரன் சுரங்கத்திலும் மறுபடி வெடிப்பு. 24 பேர் பலி. தர்மண்டின் சூதாட்டக் கதைகளைச் சுவையோடு சொல்பவர்கள் இந்த எண்களைத் தவறாமல் சொல்ல வேண்டும் என்பது என் வேண்டுகோள். தர்மண்டில் கோக்கப்பட்ட ஒவ்வொரு ரயிலிலும் போனது இவர்கள் வெட்டிய கரிதான்.

சூதாட்டக் கதைகளும் வெறும் கற்பனை அல்ல. கேப்டன் தர்மண்ட் தன் நிலத்தில் மது விற்கக் கூடாது என்று உறுதியாக இருந்தார். ஆற்றுக்கு எதிர்க்கரையில், தன் நிலத்தில், மெக்கெல் அப்படி எந்தத் தடையும் வைக்கவில்லை. 1901இல் அங்கே 100 அறைகள் கொண்ட டன் கிளென் ஹோட்டலைத் திறந்தார். கரி வாங்க வந்த வியாபாரிகள், சுரங்க முதலாளிகள், சம்பளத்தைச் செலவழிக்க வந்தவர்கள் என எல்லோரும் பாலத்தைக் கடந்து அங்கே போனார்கள். அந்த ஹோட்டலில் ஒரு சீட்டாட்டம் 14 ஆண்டுகள் இடைவிடாமல் நடந்ததாக ஒரு கதை உலகம் முழுவதும் பரவியது. ஆட்கள் மாறி மாறி அமர்ந்திருப்பார்கள், மேசை காலியாகவே இல்லை என்று வைத்துக்கொண்டால் அது நம்பத்தகாததும் அல்ல. 1914இல் மேற்கு வர்ஜீனியா மாநிலம் முழுவதும் மதுவிலக்கு வந்தபோது அந்தக் கொண்டாட்டத்தின் பெரும் வருமானம் நின்றது. ஊர் அப்போதும் தளரவில்லை. இந்த ஒன்றே போதும், மதுவும் சூதும் ஊரை வளர்க்கவும் இல்லை, அழிக்கவும் இல்லை என்பதற்கு. முதல் உலகப் போர் ஆண்டுகளில் கரிக்குக் கிராக்கி கூடியதும் யார்டில் வேலை முன்னைவிடப் பெருகியது. 1917இல் நாலு மாடிக் கட்டடம் ஒன்று எழுந்தது.

அப்படியானால் வீழ்ச்சி எங்கே தொடங்கியது? நான்கு காரணங்கள் பொதுவாகச் சொல்லப்படுகின்றன. நான்குக்கும் சம எடை கொடுக்க முடியாது.

தீயைப் பற்றி அதிகம் பேசப்படுகிறது. 1922இல் ஊரின் ஒரு பகுதி எரிந்தது. 1930இல் டன் கிளென் ஹோட்டல் எரிந்து சாம்பலானது. ஆனால் தர்மண்டில் தீ புதிதல்ல. 1899இலும் ஊர் எரிந்தது. சில ஆண்டுகளில் ரயில் நிலையமே எரிந்துபோய், 1904இல் புதிதாகக் கட்டினார்கள். அப்போதெல்லாம் எரிந்த இடத்தில் உடனே இன்னும் பெரிய கட்டடங்கள் எழுந்தன. 1930இல் எரிந்த ஹோட்டல் மட்டும் எழவில்லை. மறுபடி கட்டினால் தங்க ஆள் வருமா என்ற சந்தேகம் அதற்குள் வந்துவிட்டிருந்தது. ஆக, தீ வீழ்ச்சியின் அடையாளம், காரணமல்ல.

1930களின் பெருமந்தம் கடுமையான அடிதான். எஃகு ஆலைகளின் உலைகள் அணைந்ததும் கோக்குக்கும் கரிக்கும் விலை விழுந்தது. தர்மண்ட் நேஷனல் வங்கி 1931இல் மூடப்பட்டது. மற்றொரு வங்கி சில ஆண்டுகளில் மலைமேல் இருந்த ஓக் ஹில்லுக்குக் குடிபெயர்ந்தது. வங்கி மூடப்பட்டதைவிட, மற்றது எங்கே போனது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஓக் ஹில் மேட்டு நிலத்தில் இருக்கிறது. சமதளம் உண்டு, சாலை உண்டு. அதாவது வணிகம் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை, பள்ளத்தாக்கை விட்டு மேலேறியது.

அதற்கு வழி செய்தது சாலை. 1921இல் தர்மண்டுக்குச் சாலை வந்தபோது ஊருக்கு நல்லகாலம் பிறந்ததாகவே எண்ணியிருப்பார்கள். அதுவரை சுற்றுவட்டாரத்துச் சுரங்கக் குடும்பம் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கவும் மருத்துவரிடம் பல்லைக் காட்டவும் ரயிலேறித் தர்மண்டுக்குத்தான் வர வேண்டியிருந்தது. காரும் பஸ்ஸும் வந்த பிறகு அவர்கள் பக்கத்து நகரமான பெக்லிக்கும் ஓக் ஹில்லுக்கும் போகலாம். தர்மண்டிலோ கார் நிறுத்தக்கூட இடமில்லை. ரயிலுக்கு ஏற்றபடி ஒட்ட வெட்டப்பட்ட ஊரைக் காருக்கு ஏற்றபடி அகலப்படுத்த வழியே இல்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஆறு.

இவற்றையும் தாண்டி யார்டு இயங்கிக்கொண்டுதான் இருந்தது. 1930 கணக்கெடுப்பில் ஊரின் மக்கள்தொகை சுமார் 460, அதுவே உச்சம். சூதாட்டமும் ஹோட்டலும் வங்கியும் பயணிகளும் போன பின்பும் என்ஜின்கள் அங்கே நின்றுதான் சென்றன. அப்படி நின்று சென்றவரை ஊருக்குக் கூலி கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் மறுபடி கரி வேகன்கள் நிறைந்தன. ஊரை உண்மையில் முடித்துவைத்தது டீசல் என்ஜின்.

டீசல் என்ஜினுக்குத் தண்ணீர்த் தொட்டி வேண்டாம், சாம்பல் குழி வேண்டாம், இரவெல்லாம் நெருப்பைக் காக்கும் ஆள் வேண்டாம். எரிபொருள் நிரப்பினால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நிற்காமல் போகும். நீராவியில் இரண்டு என்ஜின் பூட்டினால் இரண்டு குழுக்கள் வேண்டும். டீசலில் மூன்று நான்கு என்ஜின்களைக் கோத்து ஒரே குழு ஓட்டலாம். தர்மண்டில் 150 பேர் செய்த வேலையின் பெரும்பகுதி ஒரே தொழில்நுட்ப மாற்றத்தில் தேவையற்றுப்போனது. அவர்கள் வேலையில் குறை வைத்ததால் அல்ல. அந்த வேலையே இல்லாமல் போனதால்.

இதில் மனத்தைத் தைக்கும் ஒரு விவரம் உண்டு. அமெரிக்காவின் பெரும்பாலான ரயில்வேக்கள் டீசலுக்கு மாறிக்கொண்டிருந்தபோது செசபீக் அண்ட் ஒஹாயோ தயங்கியது. கரி ஏற்றிப் பிழைக்கும் நிறுவனம் தானே கரியைக் கைவிட்டால் தன் வாடிக்கையாளர்களுக்கு என்ன பதில் சொல்வது? 1947-48இல் கரியை எரித்து, நீராவி டர்பைன் வழியாக மின்சாரம் எடுத்து ஓடும் மூன்று பெரிய என்ஜின்களைக் கட்டிப் பார்த்தார்கள். அவை அடிக்கடி பழுதாயின. பராமரிப்புச் செலவு கட்டுபடியாகவில்லை. சில ஆண்டுகளிலேயே உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். 1949 முதல் டீசல் என்ஜின்கள் வரிசையாக வந்திறங்கின. 1956இல் நீராவி ஓட்டம் முடிவுக்கு வந்தது. கரியால் வாழ்ந்த ரயில்வேயே கரியை எரிப்பதை நிறுத்தியது. என்ஜின்களுக்குக் கரி கொட்டிய 500 டன் கோபுரம் வேலையற்று நின்றது.

ரயில்வே முடிவெடுக்கும் இடத்தில் ஊர் மட்டும்தான் கையாலாகாமல் நின்றது என்று நினைக்க வேண்டாம். இதே பாதையில் ஆற்றின் போக்கில் கீழே நட்டல்பர்க் என்ற சுரங்க ஊர் இருக்கிறது. கார் உற்பத்தியின் ஒவ்வொரு கண்ணியையும் தன் கைக்குள் கொண்டுவர நினைத்த ஹென்றி ஃபோர்டு, 1920இல் அந்தச் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தார். லட்சக்கணக்கில் செலவிட்டுப் புதிய இயந்திரங்கள் போட்டார். 1928இல் விட்டுவிட்டுப் போனார். கரியை எடுத்துச் செல்லும் ரயில்வே அவர் கட்டுப்பாட்டில் வராததே பெரிய காரணம். ஃபோர்டுக்கே வசப்படாத ஒன்று தர்மண்டின் கடைக்காரர்களுக்கு எப்படி வசப்படும்?

அதன்பின் சுரங்கங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓய்ந்தன. எளிதில் எட்டிய அடுக்குகள் தீர்ந்துவந்தன. வீடுகளும் கப்பல்களும் எண்ணெய்க்கு மாறின. பள்ளத்தாக்கின் பெரிய சுரங்கங்களில் ஒன்றான கேமூர் 1962இல் மூடப்பட்டது. முகாம்களில் இருந்த மர வீடுகள் இருந்த சுவடு தெரியாமல் காடு மூடிவிட்டது. வேலை தேடி மக்கள் ஒஹாயோ, மிச்சிகன் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். தர்மண்டில் எஞ்சியவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ரயில்வே குடும்பத்தினர். 2000இல் மக்கள்தொகை 7.

1978இல் நியூ ரிவர் பள்ளத்தாக்கு தேசியப் பாதுகாப்பின் கீழ் வந்தது. 2020 இறுதியில் தேசியப் பூங்கா என்ற தகுதி கிடைத்தது. தேசியப் பூங்காத் துறை ஊரின் பெரும்பாலான கட்டடங்களை வாங்கியது. 1904இல் கட்டிய ரயில் நிலையத்தை 1995இல் சீரமைத்துப் பார்வையாளர் மையமாக்கினார்கள். லோகோ ஷெட் அதற்கு முன்பே, 1993இல், தீயில் போய்விட்டது. இது பெரிய இழப்பு. வங்கிக் கட்டடமும் கடைவரிசையும் பார்வைக்கு அழகானவை. ஆனால் அந்த ஊர் எதற்காக இருந்தது என்பதைச் சொல்லக்கூடிய கட்டடம் ஷெட்தான். அது இல்லாததால், இன்று அங்கே போகிறவர்களுக்குத் தர்மண்ட் ஒரு வணிக ஊராகத் தோன்றிவிடுகிறது. உண்மையில் அது ஒரு பணிமனை. வணிகம் அதன் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வளர்ந்தது. கரிக் கோபுரம் நிற்பது ஒன்றே ஆறுதல். போகிறவர்கள் வங்கியைப் பார்ப்பதற்கு முன் அதன் அடியில் சற்று நேரம் நின்று மேலே பார்க்க வேண்டும்.

கிளென் ஜீனிலிருந்து சுமார் 11 கிலோமீட்டர் குறுகிய சாலையில், பழைய கிளைப்பாதை போன அதே ஓடைக்கரை வழியாக ஊருக்குள் இறங்கலாம். ஆற்றைக் கடப்பது ரயில் பாலத்தின் பக்கத்தில் ஒட்டிய ஒற்றை வண்டிப் பாதையில்தான். முதன்மைப் பாதை இன்றும் உயிரோடு இருக்கிறது. செசபீக் அண்ட் ஒஹாயோவின் வழிவந்த சிஎஸ்எக்ஸ் நிறுவனத்தின் சரக்கு ரயில்கள் கரியோடு கடந்து செல்கின்றன. நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் இடையே வாரம் மூன்று முறை ஓடும் ஆம்ட்ராக் பயணிகள் ரயில், ஏற இறங்க ஆள் இருந்தால் மட்டும் இங்கே நிற்கும்.

1900இல் பெற்ற நகராட்சித் தகுதியைத் தர்மண்ட் இதுவரை விட்டுக்கொடுக்கவில்லை. மேயரும் மன்றமும் இப்போதும் உண்டு. 2015 பிப்ரவரியில், யாரை நேசிக்கிறார்கள் என்பதாலோ தம் பாலினத்தை எப்படி உணர்கிறார்கள் என்பதாலோ ஒருவருக்கு வேலையும் வீடும் மறுக்கப்படக் கூடாது என்ற விதியை ஊர்மன்றம் ஒருமனதாக நிறைவேற்றியது. அப்படியொரு விதியை இயற்றிய அமெரிக்க ஊர்களில் மிகச் சிறியது அதுதான். தம் ஊரின் கரியையோ ரயிலையோ பற்றி ஒருநாளும் முடிவெடுக்க முடியாமல் இருந்த ஓர் ஊர்மன்றம், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒன்றில் வாக்களித்தது என்பதால் இந்தச் செய்தியை நான் தர்மண்டின் ரயில்வே வரலாற்றோடு சேர்த்தே படிக்கிறேன்.